போல்ட்டின் பக்கம்

'குட்டி இளவரசன்' நாவலில் ஒரு சண்டை வரும். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவந்த அந்தப் புத்தகத்தை நம்மில் பலர் கல்லூரிக் காலத்தில் வாசித்திருப்போம். வாசிக்காதவர்கள்கூட இன்ஸ்டாகிராமில் அந்த நரியைச் சந்தித்திருப்பார்கள். பாலைவனத்தில் விமானம் பழுதாகி நிற்கிறது. குடிதண்ணீர் எட்டு நாளைக்குத்தான் வரும். விமானி என்ஜினில் இறுகிப்போன ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்து இளவரசன், பூக்களுக்கு முள் எதற்கு என்று கேட்கிறான். விமானி எரிச்சலாகி, முக்கியமான வேலையில் இருக்கிறேன் என்கிறான். இளவரசனுக்குக் கோபம் பொங்கி, பேசிப் பேசி அழுகையில் முடிகிறது. விமானி கருவிகளைக் கீழே போட்டுவிட்டு அவனைத் தேற்றப் போகிறான்.

இந்த இடத்தில் வாசகர்கள் எல்லாரும் இளவரசன் கட்சிதான். பூ பெரிசா, போல்ட் பெரிசா என்று கேட்டால் யார்தான் போல்ட்டைச் சொல்வார்கள்? நான் சொல்வேன். அந்த போல்ட் கழன்றதால்தான் விமானி ஊர் திரும்பினான். திரும்பியதால்தான் நமக்கு இளவரசனும் பூவும் கிடைத்தார்கள். புத்தகம் இதை ஒத்துக்கொள்வதில்லை. என்ஜின் எப்படிச் சரியானது என்று ஒரு பக்கம்கூட இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கதையின் தொடக்கத்திலேயே விமானி, தன்னோடு மெக்கானிக்கும் இல்லை, பயணிகளும் இல்லை என்று சொல்லிவிடுகிறான். நிஜத்தில் 1935 டிசம்பர் கடைசியில், பாரிஸிலிருந்து சைகோனுக்குப் பறக்கும் பந்தயத்தில் செந்த்-எக்சுபெரி பாலைவனத்தில் விழுந்தபோது அவரோடு ஒரு மெக்கானிக் இருந்தார். ஆந்த்ரே ப்ரெவோ என்று பெயர். இரண்டு பேரும் சேர்ந்துதான் தாகத்தில் நடந்தார்கள், சேர்ந்துதான் பிழைத்தார்கள். 1939-இல் வந்த நினைவுக்குறிப்பு நூலில் ப்ரெவோ பெயரோடு வருகிறார். 1943-இல் வந்த 'குட்டி இளவரசன்' நூலில் அவர் இல்லை. அவர் நின்ற இடத்தில் ஒரு தேவகுமாரன் மாதிரியான குழந்தை நிற்கிறது. புனைவுக்கு அந்த உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பறத்தல் பற்றிய கதைகளில் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது என்பதுதான் என் வாதம். ஆகாயம் கதைக்குள் வந்ததும் மெக்கானிக் வெளியே போய்விடுகிறார்.

*

நான் தென்காசிக்காரன். எங்கள் ஊரிலிருந்து அம்பாசமுத்திரம் போய், அங்கிருந்து கொஞ்சம் தெற்கே இறங்கினால் மணிமுத்தாறு. 2014-இல் அங்கே ஓர் இரண்டு இருக்கை விமானம் பறந்தது. கட்டியவர் தொடுபுழாப் பக்கத்துக்காரரான சஜி தாமஸ். பிறவியிலேயே காது கேட்காதவர், பேச்சும் இல்லை. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்துத்தான் ஆசை பிடித்தது என்று செய்திகள் சொல்லின. பழைய பாகங்களையும் கிடைத்த பொருட்களையும் வைத்துப் பல வருஷம் உழைத்துக் கட்டினார். மணிமுத்தாறில் அதை ஓட்டிப் பார்த்துக் காட்டியவர் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர்.

மலைக்கு அந்தப் பக்கம் கட்டிய விமானம், பறந்தது மலைக்கு இந்தப் பக்கம். மலையாளத்தில் இதை ஒட்டி ஒன்றுக்கு இரண்டு படம் வந்தது, இரண்டும் 2017-இல்: ஸ்ரீகாந்த் முரளி இயக்கி வினீத் ஸ்ரீனிவாசன் நடித்த 'எபி', பிரதீப் நாயர் இயக்கி பிருத்விராஜ் நடித்த 'விமானம்'. இரண்டு தரப்புக்கும் நடுவே கதை உரிமைத் தகராறு நீதிமன்றம் வரை போனது. நம் பக்கத்தில் தகராறே இல்லை, ஏனென்றால் கதையே இல்லை. நம் மண்ணில் நடந்த ஒன்றைப் பற்றிச் சிறுகதையோ நல்ல கட்டுரையோ நான் வாசித்ததில்லை.

'விமானம்' படத்தை இந்தக் கட்டுரைக்காக மறுபடி யோசித்துப் பார்த்தேன். கெட்ட படம் என்று சொல்ல மாட்டேன். பிருத்விராஜின் வெங்கிடி காது மந்தமானவன், ஊர் கேலி செய்யும் பையன். ஜானகியோடு காதல். அந்தக் காதலும் விமானமும் ஒரே கனவாகப் பின்னப்படுகின்றன. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. ஒரு மனிதன் பல வருஷம் அலுமினியக் குழாயையும் துணியையும் பழைய என்ஜினையும் கட்டி அழுகிறான் என்றால் அதற்கு ஒரு பெண் காரணமாக இருந்தே ஆக வேண்டுமா? என்ஜின் மீதான ஆசை தன்னளவில் போதாதா? ரப்பர் மரங்களுக்கு மேலே ஹெலிகாப்டரைப் பார்த்த பையனுக்குக் காரணம் தேவைப்படவில்லை. சினிமாவுக்குத்தான் தேவைப்படுகிறது.

அடுத்தது அந்தச் சட்டகம். படம் வெங்கிடியைப் பத்ம விருது பெற்ற முதிய விஞ்ஞானியாகக் காட்டிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிப் போகிறது. அதாவது, ஏழாம் வகுப்பு படித்த மெக்கானிக்கை மெக்கானிக்காகவே விட்டுவைக்க மனசு வரவில்லை. பேராசிரியராக்கி, விருதும் கொடுத்து, இப்ப இவனோட இளமையைப் பார்க்கலாம் என்கிறது. மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு செய்யும் அவமரியாதை இது. அரசாங்கம் முத்திரை குத்தினால்தான் அந்த வேலைக்கு மதிப்பு என்று ஆகிவிடுகிறது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். காது கேட்காத ஒருவன் என்ஜினை எப்படி அறிகிறான்? காது கேட்கிற மெக்கானிக்கிடம் கேட்டால் "சத்தமே சொல்லிரும் சார்" என்பார். தென்காசி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கும் எந்தப் பட்டறையிலும் இந்த வாக்கியத்தைக் கேட்கலாம். சத்தம் இல்லாதவனுக்கு அந்த வேலையை உள்ளங்கை செய்ய வேண்டும், கண் செய்ய வேண்டும், பிளக்கின் கருப்பு செய்ய வேண்டும். நடுக்கம் எந்த வேகத்தில் மாறுகிறது, எந்த ஸ்டே கம்பி அதிர்கிறது என்று படிக்க வேண்டும். இது ஓர் அற்புதமான சினிமா வாய்ப்பு. படமோ பெரும்பாலும் பின்னணி இசையால் நம் கையைப் பிடித்துக்கொண்டே நடக்கிறது. ஒரு காது கேளாதவனின் கதையை நாம் முழுக்க முழுக்கக் காதால் அனுபவிக்கிறோம். குறைபாடு அங்கே வெல்லப்பட வேண்டிய தடையாக மட்டும் இருக்கிறது. அதுவே ஓர் அறிவாக இருக்கலாம் என்ற யோசனைக்குப் படம் போகவில்லை.

காது கேளாதவர்களுக்கும் ஆகாயத்துக்கும் உள்ள உறவு புதிதில்லை. 1911-இல் அமெரிக்காவை முதன்முதலாகக் குறுக்கே பறந்து கடந்த கால் ராட்ஜர்ஸுக்குக் காது பெரும்பகுதி கேட்காது. 1928-இல் நெல்லி வில்ஹைட் என்ற காது கேளாத பெண் அங்கே விமானியானார். இன்றும் அமெரிக்காவில் காது கேளாதவர்கள் உரிமம் பெறலாம். ரேடியோ தேவைப்படும் பறத்தலுக்குச் செல்லாது என்ற ஒரு வரி மட்டும் அதில் இருக்கும். இதெல்லாம் தெரிந்திருந்தால் படம் வேறு மாதிரி கேள்வி கேட்டிருக்கும்: இவனால் முடியுமா என்பதை விட்டுவிட்டு, இவனைச் சட்டம் எங்கே நிறுத்துகிறது என்று.

*

தமிழில் விமானம் என்றால் உடனே 'சூரரைப் போற்று' என்பீர்கள். சுதா கொங்கரா, 2020. கேப்டன் கோபிநாத்தின் தன்வரலாற்றைத் தழுவியது. அப்பாவைக் கடைசியாகப் பார்க்க டிக்கெட்டுக்குக் காசு போதாமல் மாறா விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் கையேந்தும் காட்சியை யாராலும் மறக்க முடியாது. யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பதுதான் அந்தப் படத்தின் கேள்வி. நியாயமான கேள்வி, நம் ஊருக்கே உரிய கேள்வி. ஆனால் அங்கே விமானம் என்பது குத்தகைக்கு வாங்கப்படும் பொருள். அது ஒரு ஜட்கா வண்டியாக இருந்திருந்தாலும் கதையின் எலும்புக்கூடு மாறாது. இறக்கைக்குக் கீழே படுத்து வேலை செய்கிறவனுக்கு அங்கே முகமில்லை.

முகம் கொடுத்த படம் ஒன்று உண்டு. ஹயாவ் மியாசாகியின் 'போர்கோ ரொஸ்ஸோ', 1992. பன்றி முகம் கொண்ட ஓர் இத்தாலிய விமானி, சிவப்பு நிறத்தில் ஒரு பழைய கடல் விமானம். அது சுடப்பட்டு நொறுங்கியதும் மிச்சத்தை மிலான் நகரத்துப் பட்டறைக்கு எடுத்துப் போகிறான். அங்கிருந்துதான் படம் எனக்குத் தொடங்குகிறது. ஆண்கள் எல்லாரும் வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள். கிழவர் பிக்கொலோ தன் குடும்பத்துப் பெண்களையெல்லாம் கூட்டி வருகிறார். பாட்டிமார், கைக்குழந்தைக்காரிகள். வடிவமைப்பவள் பேத்தி ஃபியோ, பதினேழு வயசு. மரத்தை இழைக்கிறார்கள், வரைபடத்தை அழித்து அழித்துப் போடுகிறார்கள், நடுவே எல்லாருமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கடைசியில் பில் வருகிறது. போர்கோ பில்லைப் பார்த்துப் பேரம் பேசுகிறான்.

பழைய விமானத்தைச் சீர்செய்வது பற்றி நான் பார்த்ததிலேயே நேர்மையான காட்சி இதுதான், காரணம் அந்த பில். கனவு பற்றிய படங்களில் பில் வராது. வேலை பற்றிய படத்தில் வரும்.

மியாசாகியின் 'காற்று எழுகிறது' 2013-இல் வந்தது. அதில் விமான என்ஜின்களின் சத்தத்தை மனிதக் குரல்களால் உருவாக்கியிருக்கிறார்கள். வாயால் உறுமி, தொண்டையால் நடுக்கி. நாம் சின்ன வயசில் திண்ணையில் உட்கார்ந்து "டுர்ர்ர்" என்று பஸ் ஓட்டியது போலத்தான். இயந்திரத்தின் மீது ஒருவனுக்கு உள்ள பிரியம் எங்கே ஆரம்பிக்கிறது என்று மியாசாகிக்குத் தெரிந்திருக்கிறது. 'விமானம்' படம் தவறவிட்டது இதைத்தான்.

*

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும், வரணும். பழைய விமானத்தை வாங்குவது, செப்பனிடுவது, ஞாயிற்றுக்கிழமை பறப்பது எல்லாம் பணக்காரப் பொழுதுபோக்குதானே? தென்காசியில் உட்கார்ந்துகொண்டு இதற்கு ஏன் ஒரு கட்டுரை?

பாதி உண்மை. ஜே.ஆர்.டி. டாட்டா 1932 அக்டோபர் 15-இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அதன் ஐம்பதாம் ஆண்டில், 78 வயதில், ஒரு பழைய லெப்பர்ட் மாத் விமானத்தில் அதே வழியில் மீண்டும் பறந்தார். அந்தத் துணிச்சலுக்கு வணக்கம். ஆனால் கிழவரை விடக் கிழடான ஒன்று அங்கே உண்டு, அந்த விமான ரகம். லெப்பர்ட் மாத் 1933-இல் வந்த வகை. விமானக் கணக்கில் அது முதுமை. அதைப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்த கைகள் யாருடையவை என்று நம் நினைவு கேட்பதில்லை. 1910-இலும் இதே கதை. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய கார்சிகாக்காரர் டி ஏஞ்சலிஸ் தன் வடிவமைப்பில் ஒரு விமானம் கட்டிப் பறந்து காட்டினார். கட்டித் தந்தது சிம்ப்சன் கம்பெனி, அதாவது குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த பட்டறை. டி ஏஞ்சலிஸ் பெயர் நிலைத்தது. வண்டிச் சட்டம் இழைத்த அதே உளியால் இறக்கை இழைத்தவர் பெயர் நாம் சொல்லும் கதையில் இல்லை.

ஆகவே, அது பணக்காரர் பொழுதுபோக்கு என்பதே நாம் கதை சொன்ன விதத்தின் விளைவு. உரிமையாளரை எழுதினோம், பட்டறையை விட்டுவிட்டோம்.

பட்டறையில் என்னதான் நடக்கிறது? 1931-இல் முதன்முதலாகப் பறந்த டைகர் மாத்தை எடுத்துக்கொள்வோம். உடல் எஃகுக் குழாய், இறக்கை மரம், மேலே துணி. இறக்கையின் விலா எலும்புகளோடு துணியை மெழுகு தடவிய நூலால் தைக்கிறார்கள். அதற்கு மேல் டோப் என்கிற அரக்கு மாதிரியான திரவத்தைப் பூசிக் காய வைத்தால் துணி மத்தளத் தோல் போல இறுகுகிறது. வருஷங்கள் போகப் போகத் துணி இற்றுப்போகும். உரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டும். மரத்தைத் தட்டித் தட்டிச் சத்தம் பார்க்க வேண்டும். பசை ஈரத்தில் விட்டுப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இது சாதாரண விஷயமில்லை. 1944-இல் இந்தியாவிலும் பர்மாவிலும் மரத்தால் ஆன மொஸ்கிட்டோ விமானங்கள் சில நடுவானில் உடைந்தன. பசையின் குறையா, கட்டியதில் குறையா என்று பெரிய விசாரணையே நடந்தது. குற்றாலச் சாரலில் வீட்டுக் கதவு உப்பி அடைக்க முடியாமல் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் ஒருகாலத்தில் ஃப்ளையிங் கிளப்களில் பலரும் பறக்கக் கற்றுக்கொண்டது டைகர் மாத்தில்தான். பிறகு ஹெச்.ஏ.எல். தயாரித்த புஷ்பக் வந்தது. 1958-இல் முதல் பறப்பு, அதுவும் துணி போர்த்தியதுதான். இவ்வளவு இருந்தும், விமானப்படை தன் பழைய டைகர் மாத்தை மறுபடி பறக்க வைக்க நினைத்தபோது அதை இங்கிலாந்தில்தான் சீர்செய்தார்கள். 2012-இல் விமானப்படை நாள் அணிவகுப்பில் அது பறந்ததைப் பெருமையோடு பார்த்தோம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் தைக்கும் கைகள் இங்கே மிஞ்சவில்லையே என்பதும் அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே இருக்கிறது. கதைகளில் இல்லாத வேலை கொஞ்ச காலத்தில் ஊரிலும் இல்லாமல் போகும் என்று நான் நம்புகிறேன். காரணம் அது ஒன்றே என்று சொல்லவில்லை. அதுவும் ஒரு காரணம்.

*

இத்தனைக்கும் நம் மரபு இப்படிக் கஞ்சத்தனமாக இருந்ததில்லை. சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை நினைத்துப் பாருங்கள். ஆபத்து வருவதை உணர்ந்த சச்சந்தன், கர்ப்பிணி மனைவி விசயை தப்பிப்பதற்காகப் பறக்கும் மயில் ஒன்றைச் செய்யச் சொல்கிறான். பள்ளிக்கூடத்தில் இதை 'அந்தக் காலத்திலேயே விமானம்' என்று சொல்லிப் பெருமையடித்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். அந்தப் பெருமையில் எனக்கு ஆர்வமில்லை. என்னை நிறுத்தியது வேறு. திருத்தக்கதேவர் அந்த மயில் எதனால் செய்யப்பட்டது என்று பட்டியல் போடுகிறார்: துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு. எத்தனை நாளில் முடிந்தது என்றும் சொல்கிறார்: ஏழு. எந்தப் பக்கம் திருகினால் ஏறும், எந்தப் பக்கம் திருகினால் இறங்கும் என்பதும் உண்டு. விசயை அதை ஓட்டப் பழகுகிறாள் என்பதும் உண்டு.

மேலே டைகர் மாத்துக்கு நான் சொன்ன பொருட்களோடு இந்தப் பட்டியலை ஒட்டிப் பாருங்கள். துணி, நூல், மெழுகு, அரக்கு. இதிலிருந்து சோழ நாட்டில் விமானம் பறந்தது என்று யாரும் வாட்ஸப்பில் கிளம்ப வேண்டாம். ஒரு கவிஞன், காற்றில் நிற்க வேண்டிய பொருள் லேசாக இருக்க வேண்டும், ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும், தைத்து ஒட்டியிருக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறான். பட்டறைக்குள் போய் நின்றிருக்கிறான். அவ்வளவுதான், அதுவே போதும். துறவியான ஒரு கவிஞருக்கு இருந்த பொருள் மீதான அக்கறை, கோடிகளில் எடுக்கப்படும் படங்களுக்கு இல்லை.

எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இந்த வரிசையில் உண்டு. குற்றாலக் குறவஞ்சி எழுதிய திரிகூடராசப்பக் கவிராயர். மலைவளம் சொல்லும் இடத்தில், அருவி தெறிக்கும் உயரத்தைக் காட்ட அவர் பிடித்த உவமை எல்லாருக்கும் மனப்பாடம். அந்த ஈரத்தில் ஆதவனின் குதிரைகளுக்கே குளம்பு பிடிமானம் இல்லாமல் போகிறது, சக்கரம் சறுக்குகிறது. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்து கவிதையை ரசிக்கக் கற்றுத்தந்த மரபில் நாம் இதை உயர்வு நவிற்சி என்று ரசிக்கிறோம். எனக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. ஆகாயத்தில் ஓடும் வண்டியைப் பாடும்போது அதன் சக்கரத்துக்குப் பிடிமானம் இருக்கிறதா என்று கவலைப்பட்ட கவிஞர் அவர். சூரியனின் ஒளியைப் பாடப் பலர் உண்டு. தேரின் பராமரிப்பைப் பற்றி யோசித்தவர் இவர் ஒருவரையே எனக்குத் தெரியும்.

*

அப்படியானால் என்ன மாதிரிக் கதை வேண்டும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் 1953-இல் தொடங்கிய ஈ.ஏ.ஏ. என்ற அமைப்பு வீட்டுக் கொட்டகைகளில் விமானம் கட்டுகிறவர்களை ஒன்றுசேர்த்தது. அங்கே உள்ள விதி ஒன்று எனக்குப் பிடித்தமானது. ஒரு விமானத்தின் பெரும்பகுதியை அமெச்சூர்களே கட்டியிருந்தால், பதிவில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் கட்டியவரின் பெயர்தான் வரும். போயிங், ஏர்பஸ் இருக்கும் அதே கட்டத்தில் ஒரு தச்சரின் பெயர், ஓர் ஆசிரியரின் பெயர். அந்த விமானத்தைச் சோதித்துச் சான்று தரும் தகுதியையும் அவரே பெறலாம். எழுதியவன் பெயர் அட்டையில் வர வேண்டும் என்று சண்டை போடும் நமக்கு இதன் அருமை புரியும்.

இன்னொன்று லாக்புக். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒன்று உண்டு. எந்தத் தேதியில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது, யார் மாற்றினார், கையெழுத்து. எண்பது வருஷ விமானத்தில் முதல் நாள் இருந்த துணியோ நூலோ மிச்சமிருக்காது. மரமும் பாதி மாறியிருக்கும். அப்புறம் அது எப்படி அதே விமானம்? லாக்புக் அறுபடாமல் தொடர்வதால். அந்தக் கையெழுத்துகளின் சங்கிலிதான் அந்த விமானம். விமானியின் பெயரை விட மெக்கானிக்கின் பெயர் அதிகம் வரும் ஒரே விமான இலக்கியமும் அதுதான்.

மணிமுத்தாறுக் கதையை நம்மில் யாராவது எழுதுங்கள். நீங்கள் அதற்கு ஏற்ற இடத்தில் இருக்கிறீர்கள். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே அடிக்கும் காற்றில் அவ்வளவு லேசான விமானத்தை வெளியே எடுக்கவே முடியாது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் காற்று எங்கே சுழலும், எந்த மாதத்தில் அடங்கும் என்று எங்கள் ஊர் ஆட்டுக்காரருக்குத் தெரியும். எழுதும்போது விமானம் தரையை விட்டு எழும் நிமிஷத்தை அரைப் பக்கத்தில் முடித்துக்கொள்ளலாம், அதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். அதற்கு முந்தைய ராத்திரியை எழுதுங்கள். எந்த நட்டு இறுகவில்லை, யார் டார்ச் பிடித்தார், டீ வாங்கி வந்தது யார், பில் எவ்வளவு ஆச்சு என்று எழுதுங்கள். ப்ரெவோவின் பெயரைக் கதைக்குள் திரும்பக் கொண்டுவர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.